வெள்ளைத் தலைக்கவசமும் அதனுள் இருக்கும் தலையும்

திரைப்படம் பார்க்கும் பழக்கமுள்ள இளைஞருள் அந்த வெண்ணிறத் தலைக்கவசத்தை அறியாதார் மிகச் சிலரே. நெற்றிக்குக் குறுக்கே ஒரு கரிய பட்டை, வெளிப்புறமாகச் சரிந்து இறங்கும் இரு கருங்கண்கள், துயரமோ சினமோ என்று சொல்ல முடியாதபடி கீழ்நோக்கி வளைந்த பல்வரிசை, செவிகள் இருக்கவேண்டிய இடத்திலே இரு மூடிகள்: இவ்வளவுதான் அதன் அங்கலட்சணம். 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ என்னும் அமெரிக்கப் படத்திலே, பேரரசின் படைவீரர் அணிந்து வந்த கவசம் அது. அப்படம் வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியும் அதனைத் தம் கையாற் செய்து தலையில் அணிந்து பார்க்க விரும்புவோர் தொகை குறையவில்லை. அமெரிக்காவில் அல்பின் ஜோன்சன் என்பவர் 1997இல் தொடங்கிய ‘ஐந்நூற்றோராம் படையணி’ என்னும் சங்கத்தார் இன்று பல நாடுகளிற் பரந்துள்ளனர். இக்கவசங்களை வீட்டிலே பூட்டி அணிந்துகொண்டு, நோயுற்ற சிறுவர்களைக் காணவும் அறப்பணிக்கு நிதி சேர்க்கவும் செல்வது அவர்கள் வழக்கம்.

மாறுவேடப் போட்டிக்கோ பள்ளிக்கூட நாடகத்துக்கோ இத்தகைய கவசம் ஒன்று வேண்டுமென்று உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் கேட்கக்கூடும். கேட்டால் மறுக்க வேண்டியதில்லை. கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி தரும் நல்ல வேலை அது. ஆனால் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். இவ்வேலையிற் பாதி வெளிப்புறத்தில் உள்ளது. மறுபாதி உட்புறத்தில் உள்ளது. வெளிப்புறத்தை மினுக்குவதிற் காட்டும் ஆர்வத்தை உட்புறத்திற் காட்டுவோர் அரியர். பிள்ளையின் மூச்சும் பார்வையும் கழுத்தும் சார்ந்திருப்பதோ அவ்வுட்புறத்திலேதான்.

இக்கவசம் பிறந்த வரலாறே இதற்குச் சான்று. ரல்ப் மக்குவாரி என்னும் ஓவியர் முதலில் அதன் உருவத்தைத் தீட்டினார். அவ்வோவியத்தைப் பார்த்து நிக் பெம்பர்ட்டன் என்பவர் களிமண்ணில் ஒரு தலையை வடித்தார். 1976ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்களிமண் உருவம் இலண்டனை அடுத்த துவிக்கனத்தில் வசித்த ஆண்ட்ரூ எயின்ஸ்வேர்த்திடம் வந்தது. வெற்றிட முறையாற் பிளாஸ்திக் வார்ப்பதில் வல்லவர் அவர். மாதிரியை நெறியாளர் ஜோர்ஜ் லூக்காஸ் ஏற்றுக்கொண்டபின் படத்துக்கென 50 கவசங்களைச் செய்துகொடுத்தார். கமராவின் முன்னே சில நிமிடம் நிற்பதற்காகச் செய்யப்பட்டவை அவை; மணிக்கணக்காக ஒருவர் தலையில் இருப்பதற்காக அல்ல. படத்திலேயே ஒரு காட்சியில் வீரன் ஒருவன் வாயிலைக் கடக்கையிற் கதவின் விளிம்பிலே தலையை மோதிக்கொள்வதைக் காணலாம். கதாநாயகனும் அக்கவசத்தை மாறுவேடமாக அணிந்தபோது ஒன்றும் தெரியவில்லையே என்று சலித்துக்கொள்கிறான்.

இக்கவசம் நீதிமன்றமும் ஏறியது. 2004ஆம் ஆண்டில் எயின்ஸ்வேர்த் இதன் பிரதிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். அவற்றுட் சில அமெரிக்காவுக்கும் சென்றன. லூக்காஸின் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2006இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2 கோடி டொலர் செலுத்துமாறு அவருக்கெதிராகத் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் நடந்த வழக்கு படிப்படியாக ஏறி, 2011 யூலை 27ஆந் திகதி உச்ச நீதிமன்றத்திலே முடிந்தது. அங்கு எழுந்த வினா மிகச் சுவையானது: இத்தலைக்கவசம் ஒரு சிற்பமா, அன்றா? சிற்பமாயின் கலைப்படைப்புக்குரிய நீண்டகாலப் பதிப்புரிமை அதற்கு உண்டு. பயன்படு பொருளாயின் அவ்வுரிமை இல்லை. கலைப்படைப்பு என்பது அத்திரைப்படமே, தலைக்கவசம் அதனை ஆக்குவதற்குப் பயன்பட்ட ஒரு கருவி மட்டுமே என்று நீதிபதிகள் முடிவுசெய்தனர். எனினும் அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியமை பற்றிய முறையீட்டை ஆங்கில நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றும் கூறிவிட்டனர். வீட்டிலே பிள்ளைக்கு ஒன்று செய்வதற்கும், செய்து விலைக்கு விற்பதற்கும் உள்ள வேறுபாட்டை வாசகர் இதிலிருந்து உய்த்துணரலாம். நமக்கு வேண்டியது அத்தீர்ப்பின் உட்கருத்து: அஃது ஒரு பயன் நோக்கிச் செய்த பொருள். நாம் அதனை வேறொரு பயனுக்கு எடுக்கிறோம். ஆதலால் அதனைச் சிறிது மாற்றவும் வேண்டும்.

இனி வெற்றிட வார்ப்பு என்பது யாதெனக் காண்போம். தட்டையான பிளாஸ்திக் தகட்டை ஒரு சட்டத்திற் பிணைத்துச் சூடேற்றினால் அது நனைந்த துணிபோலத் தொய்யும். அந்நிலையில் அதனை அச்சின்மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவர். உடனே மேலேயுள்ள வளிமண்டலம் தகட்டை அச்சோடு அழுத்திவிடும். வளியின் அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் ஆகையால், பக்கத்துக்கு 60 சென்ரிமீற்றர் உள்ள தகட்டின்மேல் 3,600 கிலோகிராம் பாரம் ஏறியதற்கு அஃது ஒப்பாகும். வீட்டுத் தூசுறிஞ்சியைக் கொண்டு இதனைச் செய்து பார்ப்போரும் உளர். ஆனால் அப்பொறி தருவது முழு வெற்றிடத்தின் ஐந்திலொரு பங்கு அளவே. எனவே நுட்பமான விளிம்புகள் மழுங்கிப் போகும். அடுக்களையிற் கேக் சுடும் மின்னடுப்பிலே தகட்டைச் சூடாக்குவதை நான் ஒருபோதும் விரும்பேன். அதன் புகை உணவுக்கு ஆகாது. வார்த்து முடிந்த துண்டுகளை விலைக்கு வாங்கி, வெட்டிப் பூட்டுவதே குடும்பத்துக்கு ஏற்ற வழி.

அத்துண்டுகள் ஏன் பலவாக வருகின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். உள்நோக்கி வளைந்த உருவத்தின்மேல் தகட்டை வார்த்தால் அச்சைப் பின்னர் வெளியே எடுக்க முடியாது. வாய் ஒடுங்கிய குடத்துக்குள் உருண்டு திரண்ட பொருள் அகப்பட்டதுபோல் ஆகிவிடும். ஆகவே முகம் ஒன்றாகவும், உச்சியும் பிடரியும் ஒன்றாகவும், இரு செவிகள் தனித்தனியாகவும் வார்க்கப்படுகின்றன. முகமும் பிடரியும் சந்திக்கும் பொருத்தை மறைப்பதே அச்செவிகளின் வேலை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2 மில்லிமீற்றர்த் தகடு இருமடங்கு பரப்பை மூடுமாறு இழுபடின் அதன் சராசரித் தடிப்பு 1 மில்லிமீற்றராகிவிடும். துண்டுகளைக் கையில் எடுத்ததும் சூரிய ஒளிக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி மிகுதியாக ஊடுருவும் இடமே மெலிந்த இடம். அங்கே உட்புறத்தில் ஒரு துண்டை ஒட்டி வலுவூட்டுதல் வேண்டும்.

எல்லாப் பிளாஸ்திக்கும் ஒன்றல்ல. இவ்வேலைக்கு உகந்தது ஏ.பீ.எஸ். எனப்படும் வகை. அது வளைந்துகொடுக்கும், கத்திக்கு இணங்கும், பசையையும் பூச்சையும் ஏற்கும். வீட்டு வாளிகளும் தட்டுகளும் பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன் அல்லது பொலித்தீன் இனத்தவை. அவற்றிற் பசை ஒட்டாது. பூசிய நிறமும் சில நாளில் உரிந்து வரும். பழைய வாளியைக் கவிழ்த்துக் கவசமாக்கலாம் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க. நீர்க்குழாய் செய்யும் பீ.வீ.சீ.யை நெருப்பிற் காட்டி வளைப்பதும் ஆகாது. மிகையாகச் சூடேறினால் நெஞ்சை அரிக்கும் அமில ஆவி எழும்.

வெட்டும்போது அவசரம் கூடாது. முதலில் பென்சிலாற் கோடிட்டு, அக்கோட்டுக்கு வெளியே சில மில்லிமீற்றர் விட்டு வெட்டுங்கள். நேர்கோடுகளிற் கத்தியை மெல்ல மூன்று நான்கு முறை இழுத்துக் கீறிவிட்டு இருபுறமும் வளைத்தால் தகடு தானே பிரியும். ஒரே இழுப்பில் அறுக்க முயல்வோரின் கத்தி வழுக்கி விரலில் இறங்கும். ஆகையாற் கத்தி வேலை பெரியவருக்கே உரியது. கண்களைத் திறக்கும்போது மூலைகளில் முதலிற் சிறு துறப்பணத்தால் வட்டத் துளையிடுக. கூரிய மூலையிலே இழுவிசை முழுவதும் ஒரு புள்ளியிற் குவிந்து, அங்கிருந்து வெடிப்புத் தொடங்கும். வட்ட மூலையில் அது பரவிவிடும். வானூர்திகளின் சாளரங்கள் மூலை வளைந்தனவாக இருப்பதும் இக்காரணத்தாலேயே.

பொருத்தும் வேலையை ஒட்டுநாடாவோடு தொடங்குங்கள், பசையோடு அன்று. முகத்துண்டையும் பிடரித்துண்டையும் நாடாவாற் பிணைத்துப் பிள்ளையின் தலையில் மெல்லக் கவிழ்த்துக் கண்ணாடியின் முன் நிறுத்துங்கள். கண்ணின் உயரம் சரியா, தாடை கழுத்தில் இடிக்கிறதா, தோளைத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். ஒரு விரற்கடை ஏற்றுவதும் இறக்குவதும் இப்போது எளிது. பின்னர் அரிது. செவித் துண்டுகளே மிகுந்த பொறுமையைக் கேட்பவை. தலையின் வளைவோடு இடைவெளியின்றிப் பொருந்துமாறு சிறிது சிறிதாகத் தேய்த்து, வைத்து, மீண்டும் தேய்க்க வேண்டும். ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஒரு செவிக்கே செலவாகலாம். எல்லாம் அமைந்தபின் தறையாணியோ சிறு திருகாணியோ கொண்டு பூட்டலாம். திருகாணியே சிறந்ததென்பது என் கருத்து. கழற்றிப் பழுதுபார்க்க முடியும் அல்லவா? எதனைப் பயன்படுத்தினும் அதன் முனை உட்புறத்தில் நீட்டிக்கொண்டிருத்தல் ஆகாது. அரத்தால் அராவி, அதன்மேல் தடித்த துணியோ இறப்பரோ ஒட்டிவிடுங்கள். தடுக்கி விழும்போது தலையைக் கிழிப்பது அந்த முனைதான்.

பொருத்துக்களை நிரப்புவதற்கு ஓர் உபாயம் உண்டு. வெட்டி எறிந்த ஏ.பீ.எஸ். துண்டுகளைப் பொடியாக்கிக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, சிறிது அசற்றோன் வார்த்து மூடிவைத்தால் மறுநாட் காலையிற் கூழ்போலக் கரைந்திருக்கும். கவசத்தின் பொருளே பசையாகிவிடுவதால் காய்ந்தபின் நிறவேற்றுமை தோன்றாது. ஆயினும் அசற்றோன் விரைந்து ஆவியாவது, எளிதிற் தீப்பற்றுவது. அடுப்போ, சாமி விளக்கோ, ஊதுபத்தியோ எரியும் வீட்டினுள்ளே அப்போத்தலைத் திறக்கவேண்டாம். முற்றத்திலோ விறாந்தையிலோ காற்றுப்படும் இடத்திலிருந்து செய்க. நிறம் பூசும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெண்ணிறத் தகட்டின் மேற்பரப்பு தானே பளபளப்பானது. நெற்றிப்பட்டை, பல்வரிசை, கன்னத்துக் கோடுகள் ஆகியவற்றைக் கறுப்பிலும் சாம்பலிலும் தீட்டிவிட்டாற் போதும். கண்களுக்குக் கரும்பச்சை ஒளிபுகு தகட்டை உள்ளிருந்து பொருத்துவர்.

இவ்வளவும் செய்து முடித்தபின் கவசம் அலுமாரியில் வைப்பதற்குத் தகுதியாகிவிட்டது. தலையில் வைப்பதற்கு இன்னும் ஆகவில்லை. வெறும் ஓட்டைத் தலையிற் கவிழ்த்தால் அது கிணற்றிலாடும் வாளிபோல் ஆடும். வலப்புறம் திரும்பினால் முகமூடி நேரே நிற்கும், தலை மட்டும் உள்ளே திரும்பும். இரும்புத் தலைச்சீரா அணிந்த ஐரோப்பிய வீரரும் அதன்கீழே பஞ்சு வைத்துத் தைத்த தொப்பி ஒன்றை அணிந்தே போருக்குச் சென்றனர். நாமும் அவ்வாறே செய்ய வேண்டும்.

புருவத்துக்குச் சற்றுமேலாக நூலைச் சுற்றித் தலையின் அளவை எடுங்கள். வளர்ந்தோருக்கு அது பெரும்பாலும் 55க்கும் 60க்கும் இடைப்பட்ட சென்ரிமீற்றராக இருக்கும். அணியப்போகும் நாளில் எவ்விதம் தலைவாருவாரோ அவ்விதம் வாரியபின்பே அளக்க வேண்டும். பெண்பிள்ளையின் கொண்டை உயர்ந்திருப்பின் கவசம் முழுவதும் முன்னோக்கிச் சரியும். தாழ்வாகப் பின்னிவிடுவது நன்று. மூக்குக்கண்ணாடி அணிபவராயின் அதனையும் அணிந்துகொண்டே பார்க்க வேண்டும்.

எளிய வழி, கட்டடத் தொழிலாளர் அணியும் மஞ்சள் தொப்பியினுள்ளே இருக்கும் வார்ப்பின்னலைக் கழற்றிக் கவசத்தினுட் பூட்டுவது. தலைக்கும் ஓட்டுக்கும் இடையே காற்று உலாவ அது இடம் தரும். பின்னாலுள்ள பற்சட்டத்தாற் சுற்றளவையும் கூட்டிக் குறைக்கலாம். அது கிடையாவிடின் ஸ்பொஞ்சுத் துண்டுகளை நெற்றியிலும், இரு பொட்டுக்களுக்குப் பின்னாலும், உச்சியிலும், பிடரியிலும் வைக்கலாம். உட்புறம் முழுவதையும் ஸ்பொஞ்சால் அடைத்துவிடாதீர்கள். காற்றுக்கு வழி இராது. நம் வெப்பத்திற் சில நிமிடத்தில் வியர்வை கண்ணில் இறங்கும். உச்சியிலுள்ள துண்டின் தடிப்பே கண்களின் உயரத்தைத் தீர்மானிப்பது. எனவே அதனை முதலிற் சரிசெய்து மற்றவற்றைப் பின்னர் வையுங்கள். துண்டுகளை நேரே ஒட்டாமல் வெல்குரோ நாடாவினாற் பொருத்தினால் கழற்றிக் கழுவலாம். தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கம் உள்ள நம் வீடுகளில் இதற்கு வேறொரு காரணமும் உண்டு: எண்ணெய் ஊறிய ஸ்பொஞ்சு நாறும், பசையும் இளகிவிடும். உள்ளே பருத்தித் தொப்பி ஒன்று அணிவது மேல்.

பொருத்தம் சரியா என்று அறிய ஒரு சோதனை போதும். தலையை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். இடமும் வலமும் திருப்பச் சொல்லுங்கள். கவசம் தலையோடு சேர்ந்து அசைய வேண்டும்; அரைக்கணம் பிந்தினாலும் இன்னும் ஒரு துண்டு வேண்டும். அதன்பின் கால் மணி நேரம் அணிந்திருந்து கழற்றியதும் நெற்றியைப் பாருங்கள். ஓரிடத்திற் சிவந்திருப்பின் அங்கே பாரம் மிகுந்துள்ளது.

மூச்சைப் பற்றி மிகவும் கண்டிப்பாயிருக்க வேண்டுகிறேன். வாய்ப்பகுதியின் துளைகளைக் கறுப்பு வண்ணத்தால் அடைத்துவிடுவது பலர் செய்வது. அவ்வாறன்றி உண்மையாகவே வெட்டித் திறந்து, உட்புறத்திற் கறுப்பு வலைத்துணி ஒட்டினால் வெளித்தோற்றம் மாறாது, காற்றும் வரும். கணினிக்குள் வைக்கும் சிறு மின்விசிறி ஒன்றைக் கண்தகட்டின்மீது வீசுமாறு அமைப்பின் ஆவி படிவதும் நிற்கும். அதற்கு மின்னூட்டும் பவர் பாங்கை இடுப்புப் பையில் வைத்து வயரை மேலே கொண்டுசெல்க. மின்கலத்தைத் தலையருகே வைத்தல் ஆகாது. தாடையின்கீழ் இறுக்கும் முடிச்சுக்களோ பின்னாற் பூட்டும் கொளுக்கிகளோ வேண்டவே வேண்டாம். பிள்ளை தானே, பிறர் உதவியின்றி, ஒரே அசைவிற் கழற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும். கழற்றத் தெரியாத சிறு குழந்தைக்கு இக்கவசத்தைக் கொடாதீர்கள்.

இதனை அணிந்தவருக்குத் தம் கால் தெரியாது. படிகள் தெரியா. பக்கத்தில் ஓடிவரும் தம்பியும் தெரியான். ஆகவே மேடையேறுவதற்கு முன் வீட்டு விறாந்தையிற் பலமுறை நடந்து பழக வேண்டும். விழா நாளிற் கைபிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்காக இவற்றை அணிந்து பழகியவர்களும் அத்துணையின்றிக் கூட்டத்திற் செல்லத் துணிவதில்லை.

இந்தக் கவசத்தோடு மோட்டார் சைக்கிளில் ஏறலாமா என்று மூத்த மாணவர் யாரேனும் கேட்பின், பெற்றோர் சிறிதும் இணங்கலாகாது. வீதித் தலைக்கவசத்தில் உயிரைக் காப்பது அதன் மினுங்கும் ஓடு மட்டுமன்று. உள்ளே சில சென்ரிமீற்றர் தடிப்பில் இருக்கும் ரெஜிபோம் போன்ற படையே. தலை மோதும்போது அப்படை நசுங்கி, மோதலின் வேகத்தைச் சிறிது நேரத்துக்குப் பரப்பி, மூளைக்குப் போகும் விசையைக் குறைக்கிறது. வேடக் கவசத்தில் அப்படை இல்லை. நாம் வைத்த ஸ்பொஞ்சு விரலால் அழுத்தினாலே தட்டையாகிவிடும். பார்வையோ பாதி. சட்டமும் இதனை ஏற்காது. மிதிவண்டிக்கும் இதே விதிதான்.

விழா முடிந்தபின் உட்துண்டுகளைக் கழற்றி இளஞ்சூட்டு நீரிற் சவர்க்காரமிட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஓட்டை ஈரத்துணியாற் துடைத்தாற் போதும். அசற்றோன் பட்டால் மினுக்கம் போய்விடும். வெயிலிற் பல நாள் கிடந்தால் ஏ.பீ.எஸ். மஞ்சளாகிப் பின் நொறுங்கத் தொடங்கும். மூடிய காரினுள் நண்பகலில் விட்டுச் சென்றால் ஒட்டிய இடங்கள் இளகக்கூடும். பழைய துணியைச் சுருட்டி உள்ளே வைத்து, காட்போட் பெட்டியில் இட்டு, அலுமாரியின் மேற்தட்டில் வையுங்கள். அடுத்த ஆண்டு தங்கையோ தம்பியோ அதனைக் கேட்டால், ஓட்டில் எதனையும் மாற்றவேண்டாம். நூலை எடுத்துத் தலையை அளந்து, ஸ்பொஞ்சுத் துண்டுகளை மட்டும் புதிதாக வெட்டுங்கள்.